சொரணை இருக்கா

பூக்குழி இறங்கியவர்களில் ராஜகுருதான் கடைசி. மற்றவர்கள் விறுவிறுவென்று ஓடிக் கடந்த கங்கில் அவர் மட்டும் ஆற அமர நடந்து வந்தார். "ராஜகுருவுக்கு ஆத்தா பூவாப் போட்டு வச்சிருக்கா" என்று ஊரே கும்பிட்டது. அவர் மனைவி முருகலட்சுமிக்கும் அன்றைக்குப் பெருமைதான், பொய் சொல்வானேன். புருசன் அப்படி நடந்து வந்தால் எவளுக்குத்தான் இருக்காது?

ஒன்பதாம் நாள் வீட்டுக்குள் ஒரு வாடை அடித்தது. எலி செத்துக் கிடக்கிறதென்று பருத்தி மூட்டைகளையெல்லாம் புரட்டிப் பார்த்தாள். எலியும் இல்லை, ஒன்றும் இல்லை. வாடை அவருடைய இடது காலிலிருந்து வந்தது. பெருவிரலுக்குக் கீழே வெந்த இடம் கறுத்துப் புண்ணாகியிருந்தது. போதாக்குறைக்கு அதில் ஒரு சீமைக்கருவேல முள் வேறு ஒடிந்து நின்றது. அதோடுதான் மனுசன் காட்டுக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கிறார்.

"ஏங்க, இது வலிக்கலையா?"

"எது?" என்றார் அவர்.

அவரை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வலிக்காத காலுக்கு எதற்கு வைத்தியம் என்பது அவர் கட்சி. டாக்டரம்மா சின்னப் பெண். புண்ணைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. சர்க்கரை எத்தனை வருசமாக இருக்கிறது என்று கேட்டாள். பதினோரு வருசம்.

"ரெண்டு விரலை எடுத்தே ஆகணும். இன்னைக்கே சேந்தா பாதம் தப்பிக்கும். தள்ளிப்போட்டா அதுவும் போயிரும்."

"வலியே இல்லைங்கிறேன், வெட்டணுங்கிறீக."

"வலி இல்லாததுதான்யா சீக்கு" என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். "கால்ல முள் குத்துனா அந்தச் சேதி நரம்பு வழியா ஏறி முதுகுத்தண்டுக்குப் போகும். திருச்சுழி பஸ்ஸுல வந்து இங்க இறங்கி மதுரை பஸ்ஸு மாறுறோம்ல? அது மாதிரி முதுகுத்தண்டுல இன்னொரு நரம்பு அந்தச் சேதியை வாங்கி மூளைக்குக் கொண்டுபோகும். சுட்டுச்சுன்னா, மூளைக்குத் தெரியுமுன்னாலேயே தண்டு காலை இழுக்கச் சொல்லிரும். உங்களுக்கு முதல் பஸ்ஸே ஓடல. சர்க்கரை ரொம்ப நீளமான நரம்பைத்தான் முதல்ல கெடுக்கும். அதான் பாதத்துல ஆரம்பிக்குது. கால்ல சொரணை இருக்கான்னு யாரும் பாத்ததில்லையா?"

சொரணை என்றதும் ராஜகுரு நிமிர்ந்து உட்கார்ந்தார். வரப்புத் தகராறில் ஊர்க்கூட்டத்தில் வைத்து அவர் தம்பி கேட்ட கேள்வி அது. உனக்கெல்லாம் சொரணை இருக்கா என்று கேட்டான். அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

"நல்லாவே இருக்கு. போன வருசம் ஊர்ல போட்ட சர்க்கரை கேம்புல, கால்ல நூலை வச்சுப் பாத்தாக. எல்லாத்துக்கும் தெரியுதுன்னுதான் சொன்னேன்."

"சரி, கண்ணை மூடுங்க."

டாக்டரம்மா ஒரு நைலான் நூலை எடுத்துப் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்தினாள்.

"இப்ப?"

"தெரியுது."

"இப்ப?"

"தெரியுது."

ஐந்தாவது தடவை அவள் நூலை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். "இப்ப?"

"நல்லாத் தெரியுது."

முருகலட்சுமிக்கு வந்த ஆத்திரத்தில் நாக்குக் குழறியது. "அவுக தொடவே இல்லைங்க."

அவர் கண்ணைத் திறந்தார். மேசையில் கிடந்த நூலைப் பார்த்தார்.

"கேம்புலயும் இப்படித்தான் சொன்னீகளா?" என்று முருகலட்சுமியே கேட்டாள்.

"ஊர்க்காரன் பூராம் வரிசையில நிக்கிறான். சொரணை இருக்கான்னு கேம்பு டாக்டரு கேக்குறாரு. இல்லைன்னா சொல்லச் சொல்ற?"

அந்தப் பாழாய்ப்போன ஒரு வார்த்தைக்காக ஒரு வருசத்தை விட்டிருக்கிறார். அவளுக்கு அடித்துக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. டாக்டரம்மா நீட்டிய தாளில் அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

கட்டிலில் படுத்ததும் அவருக்குப் பழைய வாய் திரும்பி வந்துவிட்டது. "விரல்தான, போகட்டும். வலது காலு கல்லு மாதிரி இருக்கு. தம்பிக்கு மட்டும் சொல்லிராத. கடைசிப் பருத்தி எடுக்கப் பக்கத்து வீட்டுப் பேச்சியை ஆள் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

முருகலட்சுமி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். போர்வைக்குள் கையை விட்டு அவருடைய வலது பெருவிரலைப் பிடித்தாள். நகம் பதியக் கிள்ளினாள். இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கிள்ளினாள், அவள் நகக்கண் வலிக்கிற அளவுக்கு. கத்துங்க, ஒரு வார்த்தை திட்டுங்க என்று மனசு கெஞ்சியது.

அவர் பருத்தி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"கிறுக்கி, எதுக்கு அழுகுற? அதான் ஒரு காலு நல்லாருக்குல்ல."