குகதாசன் பேரில் ஒரு விறாந்து

எங்கள் குற்றங்கள் இரண்டு. ஒன்று, சைக்கிளில் லைற் இல்லை. மற்றது, சைக்கிளில் இரண்டு பேர். ஏற்றி வந்ததற்காகக் குகன் என்கிற குகதாசன் முதலாம் எதிரி; ஏறி வந்ததற்காக நான் இரண்டாம் எதிரி. எண்பத்து நான்காம் ஆண்டு ஆனி மாதம், நாடு கிடந்த கிடையில், சாவகச்சேரிப் பகுதியின் சட்டமும் ஒழுங்கும் எங்கள் இரண்டு பேரில்தான் தங்கியிருந்தன.

பிடித்தவர் பொலிஸ் சாஜன் செபநாயகம். பொழுதுபட்ட மம்மல் நேரம். மட்டுவில் வளைவில் ஒரு பூவரச மரத்துக்குப் பின்னால் நின்று, நாங்கள் கிட்ட வந்ததும் வெளியே வந்தார்.

"லைற் எங்கை?"

"நிலவு வரப்போகுது சேர்," என்றான் குகன்.

"ஏன் டபிள் வந்தனீர்?"

"லைற் இல்லை சேர். தனிய வரப் பயம்."

சாஜனுக்குச் சிரிப்பு வந்ததை நான் கண்டேன். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே எழுதக்கூடிய மனிதர். எங்கள் பெயர், தகப்பன் பெயர், விலாசம் எல்லாவற்றையும் எழுதினார். குகன் தன் தகப்பன் பெயரைச் சொல்லி, "அவர் செத்திட்டார் சேர், அவருக்குச் சம்மன் அனுப்பாதேங்கோ" என்றான்.

குகன் எங்கள் பக்கத்து வளவு. பத்தாம் வகுப்புவரை என்னோடு படித்தான். தகப்பன் போனபின் தாயோடு கத்தரித் தோட்டத்தில் இறங்கிவிட்டான். நான் கல்லூரிக்குப் போய்ச் சுவர்ப் பத்திரிகையில் அதிபரைக் கிண்டல் செய்து எழுதினேன். அதில் பாதிப் பகிடிகள் குகன் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு சொன்னவை. அவனுக்குத் தோட்டத்தில் சுவர் இல்லை. அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து ஒரு வருடம் ஆகியும் அவனுக்கு வரவில்லை. ஆகையால் சம்மன் வந்த அன்று அவன் அதை வளவெல்லாம் கொண்டு திரிந்து காட்டினான். அரசாங்கம் அவனுடைய பெயரை அச்சுத் தாளில் எழுதியது அதுதான் முதற்தடவை.

வழக்கு ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை. அவனுடைய தாய் பத்மாவதி மாமி, வெள்ளைச் சேட்டைச் சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிக் கொடுத்தார்.

"நீதவானுக்கு முன்னாலை வாயைத் திறக்காதை. உன்ரை பகிடியளை இஞ்சை வைச்சிட்டுப் போ."

"வைச்சிட்டுப் போனா நீங்கள் தனியச் சிரிப்பியளோ?"

"போடா."

சைக்கிளில் போனால் இன்னொரு வழக்கு வரும் என்று நடந்துபோய் பஸ் எடுத்தோம். பாதி வழியில் ஆமி பஸ்ஸை மறித்தது. பெண்களையும் கிழவர்களையும் இருக்கச் சொல்லிவிட்டு எங்களை இறக்கி வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். நான் கல்லூரி அட்டையை எடுத்தேன். குகன் சேட்டுப் பையிலிருந்து சம்மனை எடுத்து, மடிப்பு விரித்து, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டான்.

"உன்ரை அட்டை பள்ளிக்கூடத்தின்ரை," என்று எனக்குக் காதுக்குள் சொன்னான். "என்ரை அரசாங்கத்தின்ரை. மேலை முத்திரை இருக்கு, பார்."

அரசாங்கம் வரச்சொல்லிய இடத்துக்குப் போகிறவனை அரசாங்கம் என்ன செய்யும்? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இதைவிட நல்ல கடிதம் அந்த வரிசையில் யாரிடமும் இல்லை.

ஆமிக்காரன் என் அட்டையைத் திருப்பித் தந்தான். சம்மனை வாங்கி மேலும் கீழும் பார்த்தான். தமிழ் வாசிக்கத் தெரியாது. முத்திரை தெரிந்தது.

"கேஸ்?"

"ஓம் சேர். கேஸ்," என்றான் குகன், முகம் மலர்ந்து.

ஆமிக்காரன் தன் பெரியவனைக் கூப்பிட்டான். சைக்கிள் லைற்றுக்குச் சிங்களத்தில் என்ன சொல்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. குகன் இரண்டு கைகளாலும் காற்றில் ஹாண்டிலைப் பிடித்து, நின்ற இடத்திலேயே மிதித்துக் காட்டினான். பிறகு இருட்டு என்பதற்காகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு மிதித்தான். என்னைச் சுட்டிக்காட்டி, முன்னால் பாரில் இருத்துவதுபோல் ஒரு அபிநயம். ஆமிக்காரர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் அவனை ட்றக்கில் ஏற்றினார்கள்.

நான் ஓர் அடி முன்னால் போனேன். துவக்கின் பிடி என் நெஞ்சில் முட்டி நின்றது.

"டேய்," என்று குகன் ட்றக்கின் மேலே நின்று கத்தினான், "கோட்டிலை சொல்லிப்போடு. நான் கொஞ்சம் பிந்தித்தான் வருவன் எண்டு."

நான் கோட்டுக்குப் போகவில்லை. மாமியிடம் ஓடினேன்.

அதன்பிறகு மாமியும் நானும் போகாத வாசல் இல்லை. முகாம் வாசலில், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். மாவட்ட நிர்வாகக் கச்சேரியில், அப்படி ஒரு பெயர் கிடைத்த விபரங்களில் இல்லை என்றார்கள். ஊர்ப் பெரியவர்களின் பிரசைகள் குழுவில் இருக்கச் சொல்லி, தேத்தண்ணீர் தந்து, மிகவும் கவலையோடு, அப்படி ஒருவரைப் பற்றி ஒன்றும் தெரியவரவில்லை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் மாமி அவனுடைய பெயரை முதலிலிருந்து சொல்வார். ஒவ்வொரு தடவையும் அது யாருடைய பெயரோ போல அந்த மேசையில் கிடக்கும். இப்படியே போனால் குகன் என்று ஒருவன் பிறந்ததையே நானும் மாமியும் சேர்ந்து கட்டிய கதை என்று சொல்லிவிடுவார்கள் என நினைத்தேன். கதை கட்டுவதில் எனக்குக் கல்லூரியில் ஏற்கெனவே கெட்ட பெயர்.

ஐப்பசி மழை தொடங்கியபின் ஒருநாள் சாஜன் செபநாயகம் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வந்தார். மாமி கொட்டிலில் நல்லது சொத்தை பார்த்துக் கத்தரிக்காய் தெரிந்துகொண்டிருந்தார். நான் சாக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நீர் கோட்டுக்கு வரேல்லை. விறாந்து விழுந்திருக்கு," என்றார். "பிடிச்சுக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. ஒரு பிரக்கிராசியைப் பிடிச்சு, மோசன் போட்டு, நீரா வந்து சரணடையும். நீதவான் ஏசிப்போட்டு விட்டிடுவார்."

"எனக்கு மட்டுமோ சேர்?"

அவர் மாமியைப் பார்க்காமல் மற்றத் தாளை எடுத்தார். "ரெண்டு பேருக்கும்."

மாமி கையிலிருந்த காயை வைத்துவிட்டு எழும்பினார். "குகனுக்கோ? என்ன எழுதிக்கிடக்கு? வாசியுங்கோ."

"சும்மா கோட்டுப் பாசை அம்மா."

"வாசியுங்கோ."

அவர் வாசித்தார். குகனின் பெயர், தகப்பன் பெயர், மட்டுவில் விலாசம். மேற்படி நபரைக் கைதுசெய்து இம்மன்றின் முன் கொண்டுவரும்படி இத்தால் கட்டளையிடப்படுகிறீர். மாமி இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். இரண்டாம் தரம் வாசிக்கும்போது சாஜனின் குரல் இறங்கிவிட்டது.

தன் பையிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிற அரசாங்கம் இது என்று எனக்கு ஒரு வசனம் தோன்றியது. சுவர்ப் பத்திரிகைக்கு நல்ல வசனம். நான் அதை எழுதவில்லை.

"அப்ப கொண்டு வாங்கோவன்," என்றார் மாமி.

"அம்மா?"

"அவனைக் கொண்டுவரச் சொல்லித்தானே உதிலை கிடக்கு. கொண்டு வாங்கோ. ஆமிக் காம்ப்பிலைதான் இருக்கிறான். நான் வழி காட்டுறன்."

சாவகச்சேரிக் கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசி ஆழ்வாப்பிள்ளை எனக்கு இலேசாக வழி சொன்னார். மன்றில் ஏறு, குற்றத்தை ஒப்புக்கொள், வாயைப் பொத்திக்கொண்டு இறங்கு. பிறகு மாமியின் பக்கம் திரும்பினார்.

"மகன்ரை விசயத்தை நான் நீதவானுக்கு விளங்கப்படுத்துறன். விறாந்தை எடுத்துப்போடுவார். வழக்கையும் கிடப்பிலை போடலாம்."

"எடுக்க வேண்டாம்."

"இல்லையம்மா, உங்களுக்கு விளங்கேல்லை. விறாந்து கிடந்தா அவன் வந்தாலும் பொலிஸ் பிடிக்கும்."

"பிடிக்கட்டும். அதுக்குத்தானே."

"இது அவனுக்கு எதிரான கட்டளை, அம்மா."

"ஓம் ஐயா. ஆனா அவனைப் பற்றின கட்டளை."

ஆழ்வாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே துப்பரவாகத்தான் இருந்தது. "நான் கோட்டிலை பொய் சொல்லேலாது," என்றார். "அவன் தலைமறைவா இருக்கிறான் எண்டு சொன்னாத்தான் விறாந்து நிக்கும். அவன் தலைமறைவில்லை. கொண்டுபோனவை. உண்மையைச் சொன்னா நீதவான் எடுக்கத்தான் வேணும்."

அடுத்த நாள் கோட்டில் எங்கள் வழக்கைக் கூப்பிட்டபோது மாமி பின்வரிசை வாங்கில் இருந்தார். நான் கூட்டில் ஏறினேன். குற்றவாளி என்று ஒப்புக்கொண்டேன். சைக்கிள் பாரில் ஏறி வந்தது பற்றி என்ன சொல்கிறீர் என்று நீதவான் கேட்டார். மன வருத்தம் ஐயா என்றேன். மன்றில் ஓரிருவர் சிரித்தார்கள். கடுமையாக எச்சரித்து, என் விறாந்தை, கோட்டுப் பாசையில் பிடியாணையை, மீளப்பெற்று, என்னை விடுவித்தார். அவ்வளவுதான். ஒரு பிடியாணையிலிருந்து மனிதன் தப்புவதற்குத் தும்முகிற நேரம்கூடத் தேவையில்லை.

"முதலாம் எதிரி எங்கே?"

ஆழ்வாப்பிள்ளை எழும்பி உண்மையைச் சொன்னார். இந்த மன்றின் அழைப்பாணையைக் கையில் வைத்திருந்தபடியே, இந்த மன்றுக்கு வரும் வழியில், இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டார். அதன்பின் எந்தத் தகவலும் இல்லை.

நீதவான் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீர் கண்டீரா?"

"ஓம் ஐயா."

"ஏதாவது சொன்னாரா?"

"கோட்டிலை சொல்லச் சொன்னவன் ஐயா. கொஞ்சம் பிந்தித்தான் வருவானாம்."

அது குகனுடைய பகிடி. நான் சொல்லி ஒருவரும் சிரிக்காதது அது ஒன்றுதான்.

நீதவான் வழக்கேட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பின்வரிசையைப் பார்த்து, "நீங்கள்தானா தாய்?" என்று கேட்டார். மாமி எழும்பினார். "அம்மா, உங்கள் மகன் வராததற்கு அவர் பொறுப்பில்லை. இந்தப் பிடியாணை அவர் பேரில் இருப்பது நியாயமில்லை. நான் அதை எடுக்கிறேன்."

"எனக்கு நியாயம் வேண்டாம் ஐயா. அது இருக்கட்டும்."

கோட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியார் "சத்தம் போடக்கூடாது" என்றார். நீதவான் அவரைக் கையமர்த்தினார்.

"காம்ப்பிலை கேட்டனான், அப்பிடி ஒருத்தன் இல்லையாம். கச்சேரியிலையும் பேர் இல்லையாம்," என்றார் மாமி. அவர் அழவில்லை. சந்தையில் காய்க்கு விலை சொல்கிறவர் குரலில்தான் சொன்னார். "அவன் இருக்கிறான், பிடிச்சுக்கொண்டு வாங்கோ எண்டு எழுதினது நீங்கள் ஒராள்தான் ஐயா. நீங்களும் வேண்டாம் எண்டா, பிறகு அவனை ஆர் தேடுவினம்?"

நீதவான் சாஜனைக் கூப்பிட்டார். பிடியாணையோடு முகாமுக்குப் போனீரா என்று கேட்டார்.

"போனனான் ஐயா. வாசலிலை நிப்பாட்டிப்போட்டினம். அப்பிடி ஒருத்தர் இல்லையாம்."

"திரும்பப் போம்," என்றார் நீதவான். எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார். "முதலாம் எதிரி மன்றில் இல்லை. பிடியாணை தொடர்ந்தும் அமுலில் இருக்கும். தைப்பொங்கலுக்குப் பின் கூப்பிடவும்."

வெளியே தாழ்வாரத்தில் ஆழ்வாப்பிள்ளை கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "சட்டப்படி முழுப் பிழையான கட்டளை தம்பி. நான் எதிர்த்து அப்பீல் செய்யமாட்டன்."

மாமியின் முகத்தில் ஆவணிக்குப் பிறகு முதற்தடவையாக ஒரு தெளிவு வந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. முகாம் வாசலில் ஒருவரும் மதிக்காத தாள் அது என்று எனக்குத் தெரியும். சாஜனுக்குத் தெரியும். எழுதிய நீதவானுக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். மாமிக்குத் தெரியாது என்று நான் அன்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

சாஜன் மழை விடும்வரை வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றார். மாமி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு அவரிடம் போனார்.

"குகதாசன் எண்டு கூப்பிட்டா அவன் உடனை திரும்ப மாட்டான். குகன் எண்டு கூப்பிடுங்கோ."

"ஓம் அம்மா."

"இடது காதுக்குக் கீழை ஒரு மச்சம் கிடக்கு. மெலிஞ்சிருப்பான், அதைப் பாத்து ஆள் மாறி எண்டு விட்டிட்டு வந்திடாதேங்கோ."

"ஓம்."

"பகிடி விடுவான். கோவிக்காதேங்கோ. அவன் உங்களை நல்ல ஆள் எண்டுதான் சொன்னவன்."

சாஜன் தொப்பியைக் கழற்றினார். மழை இன்னும் விடவில்லை. அவருடைய வழுக்கைத் தலையில் வேப்பிலையிலிருந்து துளித்துளியாக விழுந்தது. எங்களை மரத்துக்குப் பின்னால் ஒளித்திருந்து பிடித்த மனிதருக்கு, ஒளிக்க அப்போது ஓர் இடமும் கிடைக்கவில்லை.

"பிடிக்கேக்கை அடியாதேங்கோ சேர்," என்றார் மாமி. "அவன் ஓடமாட்டான்."

"அடிக்கமாட்டன் அம்மா," என்றார் சாஜன் செபநாயகம்.