பட்டுக்கு எந்த ஊசி

மோசஸ் ஒரு கம்பெனி ஸ்டோரில் முப்பது வருஷம் நட்டு போல்ட்டைப் பிரித்து அடுக்கியவர். ரிட்டயராகி ஒரு மாசம்கூட ஆகவில்லை, கை சும்மா இருக்குமா? புதுப்பட்டினத்தில் வீட்டு முன்னறையில்தான் மனைவி ஜெசிந்தாவின் தையல் கடை. சனிக்கிழமை அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்துச் சுவரைச் சுத்தம் செய்தார். அங்கே ஒரு அட்டையில் பட்டு, ஜீன்ஸ், லைக்ரா, காட்டன் என்று ஆறேழு துணித் துண்டுகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து மெஷின் ஊசிகள். பார்க்கச் சகிக்கவில்லை. துண்டுகளைக் குப்பை வண்டியில் போட்டார். இருபத்தொன்பது ஊசிகளையும் துடைத்து ஒரே டப்பாவில் கொட்டி, மேலே 'ஊசி' என்று சீட்டும் ஒட்டினார். அடேயப்பா, என்ன ஒரு நேர்த்தி!

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த ஜெசிந்தா மெஷினில் உட்காரப் போனவள் அலறினாள்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிகீற?"

"நீட்டா கீதுல்ல?"

"பட்டுக்குப் பதினொன்னாம் நம்பர், ஜீன்ஸுக்குப் பதினெட்டு, லைக்ராவுக்கு மொனை உருண்டையா இருக்கணும். எந்தத் துண்டுல குத்திகீதோ அத வெச்சித்தான்யா நான் ஊசியே எடுப்பேன்! இப்ப எது எதுன்னு சொல்லு பாப்போம்."

அதே ஊர்க் கல்யாணப் பெண் கீர்த்தனாவின் பட்டு ரவிக்கை மேஜைமேல் வெட்டி வைத்தபடி கிடந்தது. மறுநாள் காலை முகூர்த்தம். கல்யாண ரவிக்கை என்றாலே செங்கல்பட்டுக்கு ஓடுகிற ஊர் இது. முதல்முறையாக ஜெசிந்தாவை நம்பி ஒருத்தி பட்டைக் கொடுத்திருக்கிறாள். தடி ஊசி இறங்கினால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும், பிரித்தாலும் மறையாது. மாற்றுத் துணி ஒரு விரல் அகலம்கூட இல்லை.

மோசஸ் போன் கேமராவில் ஊசியைப் பெரிசாக்கி நம்பர் தேடினார். எல்லாம் தேய்ந்திருந்தது. ஒன்றில் மட்டும் ஒரு '1' தெரிந்தது. பதினொன்றும் ஒன்றில்தான் ஆரம்பிக்கிறது, பதினெட்டும் ஒன்றில்தான் ஆரம்பிக்கிறது. கடைத்தெருவுக்கு ஓடினார். திறந்திருந்த ஒரே கடையில் பதினாறும் பதினெட்டும்தான் இருந்தன.

"ஒவ்வொண்ணாப் பட்டுல ஓட்டிப் பாக்கணும்," என்று ஜெசிந்தா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் மகள் ஷாரோன் அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்த பட்டுச் சட்டை இருந்தது. அவர் போட்டது ஒரே ஒரு தடவை.

"ஜெசி! அது என் சட்டை! உன் பட்டுப் பொடவ கீதே?"

"கீது. ஊசியக் கலந்தது என் பொடவையா?"

அவள் ஊசியை மாற்றி மாற்றி ஓட்டினாள். அவர் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஓட்ட."

அடுத்தது.

"ஓட்ட."

ஏழாவது ஊசி துணியையே இழுத்துச் சுருக்கியது. கீழ் ஓரத்தில் ஆரம்பித்த சோதனை, பதினைந்தாவது ஊசிக்கு முதுகுக்கு ஏறிவிட்டது. "காலர் கிட்ட மட்டும் போவாதம்மா," என்று கெஞ்சினார். இருபத்து மூன்றாவது ஊசி ஓடியதும் சட்டையைத் தூக்கிப் பிடித்தார். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஓட்டையே இல்ல ஜெசி!"

அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டது. சட்டை போனதுகூட அப்போது அவருக்கு உறைக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆறு மணிக்குக் கீர்த்தனாவின் அம்மா விஜயகுமாரி வந்தாள். ரவிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சூப்பரா கீதுக்கா! இனிமே செங்கல்பட்டு இன்னாத்துக்கு?" என்றவள் பையிலிருந்து இன்னும் மூன்று துணிகளை எடுத்து வைத்தாள். "வெல்வெட்டு, ஜார்ஜெட்டு, காட்டன். மறுவீட்டு விருந்துக்கு. புதன்கெழம வேணும்."

ஜெசிந்தா முகமெல்லாம் சிரிப்பாக வாங்கிக்கொண்டாள். அவளை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, மோசஸை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இப்டிப் பாக்குற?"

"அது காட்டன் லுங்கிதான?" என்றாள். "அவுத்துக் குடு."