மூக்கு சொன்னால் சட்டி ஏறும்

காளான் பறிக்கப் போகும் கூட்டத்தில் அவளுக்குப் பெயர் மூக்கு. பட்டப்பெயர்தான், ஆனால் யாரும் கேலியாகச் சொல்வதில்லை. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் சில பேர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே புல்வெளிப் பக்கம் போவார்கள். கிடைத்ததைப் பல் டாக்டரம்மா வீட்டுச் சமையலறையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவள் ஒவ்வொன்றாக முகர்ந்து தலையாட்டினால்தான் எதுவும் சட்டியில் ஏறும். புல்லில் முளைக்கும் வெள்ளைக் காளானில் இரண்டு வகை உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றில் சோம்பு வாசம் அடிக்கும், அதைத் தின்னலாம். மற்றதில் மை வாசம் அடிக்கும், அதைத் தின்றால் வயிறு ஒரு வழியாகிவிடும்.

அவள் கணவர் பழைய சோபாக்களுக்குத் துணி மாற்றிக் கொடுப்பவர். காளானுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் எதையும் பிரித்துப் பார்க்காவிட்டால் அவருக்கு மண்டை வெடித்துவிடும். சோபாவுக்குள் விழுந்து கிடக்கும் சீப்பையும் பொத்தானையும் வைத்தே அந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் நடுவில் பேச்சில்லை என்று ஊகித்துவிடுவார். பாதி ஊகம் தப்பாகத்தான் இருக்கும். அதற்காக விடுகிற ஆளில்லை.

ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்தது. முன்னறையில் ஆணி அடித்துக்கொண்டிருந்த அவருக்கே நாற்றம் வந்து, எழுந்து ஓடினார். அவளோ அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ யோசனையில் இருந்துவிட்டேன் என்றாள். வாசல் கதவைத் திறக்கும் முன்பே அவர் அன்று எந்தப் பசையைத் தொட்டார் என்று சொல்லிவிடுகிறவள் அவள். அவருக்குச் சந்தேகம் தட்டியது.

அப்புறம் ஆராய்ச்சி தொடங்கியது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் மண்ணெண்ணெய் நனைத்த துணியை ஒளித்துவைத்தார். அவருக்குத் தலைவலி வந்தது, அவள் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். துவைக்காத காலுறையை அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் நிம்மதியாகத் தூங்கினாள், நாற்றம் தாங்காமல் விழித்துக் கிடந்தவர் அவர்தான். துப்பு துலங்கியதில் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் ஞாயிற்றுக்கிழமையும் அவள் தலையாட்டினால் சட்டியில் ஏறும் காளானும் நினைவுக்கு வந்தன. தன்னிடம்கூட அவள் சொல்லவில்லையே என்று வருத்தமும் சேர்ந்துகொண்டது.

இந்த வாரம் நானும் வருகிறேன் என்றார். என்ன திடீர் ஞானோதயம் என்று கேட்டாள். சும்மா வேடிக்கை பார்க்க என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா வீட்டுச் சமையலறையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளையே பார்த்தார். காளானை மூக்கருகே கொண்டுபோகும் முன் அவள் கட்டைவிரல் நகம் தண்டின் அடியைச் சத்தமில்லாமல் கீறியது. எதற்கு அப்படிக் கீறுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்த பஸ் டிரைவரிடம் ஒன்றும் தெரியாதவர்போல் விசாரித்தார். கெட்ட வகையாக இருந்தால் கீறிய இடம் மஞ்சளாகும் என்றார் டிரைவர். கெட்டிக்காரி, மூக்கு போனால் என்ன, நகம் இருக்கிறதே என்று இவருக்கு உள்ளூர ஒரே குஷி. டிரைவர் அத்தோடு நிறுத்தவில்லை. முற்றிய காளானும் மழையில் ஊறிய காளானும் சில நேரம் நிறம் காட்டாமல் ஏமாற்றிவிடும், அதற்குத்தான் நம்ம மூக்கு இருக்கிறார்களே என்றார். டிரைவர் கூடையில் இருந்ததெல்லாம் ஊறிப்போன காளான். அத்தனைக்கும் அவள் தலையாட்டினாள்.

எல்லாவற்றையும் பார்த்து முடித்ததும் மற்றவர்கள் வீட்டுப் பின்பக்கம் மேசை போடப் போனார்கள். வெண்ணெய் உருகியதும் அவள் டிரைவர் கூடையிலிருந்து பாதியை அள்ளிச் சட்டியில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மைப்புட்டியை மூக்கில் கவிழ்த்தது மாதிரி ஒரு நெடி எழுந்தது. அவள் ஆவிக்கு மேல் குனிந்து கிளறிக்கொண்டிருந்தாள்.

"நல்லா வந்திருக்குல்ல?" என்றாள்.

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொன்னால் அத்தனை பேர் முன்னாலும் அவள் மானம் போகும். சொல்லாவிட்டால் அத்தனை பேர் வயிறும் போகும். நான் எடுத்துப் போகிறேன் என்று சட்டியைப் பிடுங்கி, இரண்டடி வைத்து, கால் தடுக்கியதுபோல் தரையில் கவிழ்த்தார். ஜன்னலைத் திறந்து ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றினார். சுடு வெண்ணெய் பாதத்தில் தெறித்து உயிர் போனது. எல்லோரும் ஓடிவந்து பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். அதிகம் கத்தியவள் அவள்தான். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளிக்குழாயில் காலைக் கழுவப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அவர் காலுக்கு மருந்து தடவும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"கால் தடுக்கல உங்களுக்கு. நான் பார்த்தேன். என்ன வாசம் அடிச்சுது?"

"மை."

அவள் கை நின்றுவிட்டது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். பால் தீய்ந்த நாளிலிருந்து என்றார். காய்ச்சல் வந்தபோது போன மோப்பம் திரும்பிவிடும் என்று நினைத்தேன் என்று அழுதாள். மூக்கும் இல்லையென்றால் அந்தக் கூட்டத்தில் தனக்கு என்ன வேலை என்றாள். அவருக்கும் அழுகை வந்தது. யாருக்கும் தெரியவேண்டாம், அதுதான் தரையில் கொட்டியாகிவிட்டதே என்று தேற்றினார்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"மீதிப் பாதிய டிரைவர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரே. நீங்க குழாயடியில இருந்தீங்க."

அவர் துள்ளி எழுந்தார். தானே பேசி ஏதாவது சாக்குச் சொல்கிறேன் என்று போனைத் தேடினார். அதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"அண்ணா, அந்தக் காளானைத் தின்னாதீங்க. அது கெட்டது. எனக்கு இப்ப எந்த வாசமும் தெரியறதில்ல. சொல்லாம ஏமாத்திட்டேன்."

தட்டில் போட்டாகிவிட்டது, இன்னும் யாரும் வாயில் வைக்கவில்லை என்றார் டிரைவர். பிறகு குரலை இறக்கிச் சொன்னது பக்கத்தில் இருந்த கணவருக்கும் கேட்டது.

"என்னமோ மை நாத்தம் அடிக்குதுன்னு வீட்ல அப்பவே சொன்னாங்க. மூக்கே பார்த்துக் குடுத்தது, உனக்கென்ன தெரியும்னு நான்தான் அவங்க வாயை அடைச்சேன்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்களக் கூட்டிட்டு வாங்கண்ணா," என்றாள். "இனிமே அவங்கதான் மூக்கு."