உப்பு ஜாடிதான் கோல்கீப்பர்

என் கணவருக்கு உட்கார்ந்த இடத்தில் முள் குத்தும். கல்யாணமான புதிதில் ஏதோ வியாதி என்று பயந்தேன். பிறகுதான் தெரிந்தது, அதற்குக் கால்பந்து என்று பெயர். சாப்பிட உட்கார்ந்தால் மேசையில் இருக்கும் தம்ளர்களெல்லாம் ஆட்டக்காரர்களாகிவிடும். உப்பு ஜாடி கோல்கீப்பர். அடுப்படியிலிருந்து "உப்பு எங்கங்க?" என்று கேட்டால், "இரு, கார்னர் கிக் போயிட்டிருக்கு" என்பார். தம்ளர் மேசையில் உரசும் சத்தம் கேட்டாலே எனக்குப் பல் கூசும்.

அவர் ஒரு சின்னக் கல்லூரியின் கால்பந்துப் பயிற்சியாளர். அதே கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் நான் உதவியாளர். அணிக்கு ஆள் சேர்ப்பதே அங்கே பெரும்பாடு. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் அம்மாவைவிட இவர்தான் அதிகம் கலங்குவார். ஆட்டமில்லாத நாட்களில் மைதானத்தின் பாதியில் கார்கள் நிற்கும். நனைந்த பூட்ஸ்கள் என் ஆய்வகத்து உலர்த்தும் அடுப்பில்தான் காயும். துறைத் தலைவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போவார். நான் ஒன்றும் தெரியாதவள்போல் குடுவை கழுவிக்கொண்டிருப்பேன்.

இந்த சீசனும் தோல்வி மேல் தோல்வி. கல்லூரி முதல்வர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: லீக்கில் மறுபடி கடைசி இடம் வந்தால் அணியைக் கலைத்துவிடுவார்கள், மைதானம் முழுவதும் கார் நிறுத்துமிடம், இவருக்கு விடுதி அலுவலகத்தில் ஒரு மேசை. மேசை என்றதும் மனிதர் வெளிறிப்போனார். அன்றிலிருந்து கூடத்துக்கும் பால்கனிக்கும் நடைதான். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

கடைசி ஆட்டத்தில் டிரா செய்தால் போதும், தப்பித்துவிடலாம். அதற்கு முந்தைய ஆட்டத்தில் இவர் என்ன செய்தார் தெரியுமா? கோட்டு நடுவரின் கொடியைப் பிடுங்கி, அதை எப்படித் தூக்க வேண்டும் என்று அவருக்கே செய்து காட்டினார். சிவப்பு அட்டை. அடுத்த ஆட்டத்துக்கு மைதானத்துக்குள் காலே வைக்கக் கூடாது.

கல்லூரி ஊழியர் ஒருவர் பெஞ்சில் இல்லாவிட்டால் ஆட்டத்தையே தொடங்க மாட்டார்கள், அது லீக் விதி. விரிவுரையாளர்கள் வீட்டிலெல்லாம் அன்று பார்த்து ஒரு விசேஷம் முளைத்தது. கடைசியில் என் தலையில் விடிந்தது.

"எனக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னே தெரியாதுங்க."

"தெரிய வேண்டாம். நீ சும்மா ஒரு இடத்துல உக்காந்திரு, போதும்."

"அத நீங்க சொல்றீங்களா?"

பூட்ஸ் லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினார். வருவது வரட்டும் என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அப்படித்தான் செய்வார்.

எதிரணி பெரிய கல்லூரி. சொந்தப் பேருந்தில் வந்து இறங்கினார்கள். இவர் சாலைக்கு எதிர்ப்பக்கம், டயர் கடை மாடியில் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து எங்கள் பெஞ்சும் மைதானத்தில் ஒரு பாதியும் தெரியும். மறுபாதியைப் பார்வையாளர் மேடையின் கூரை மறைத்துவிடும்.

ஆட்டம் தொடங்கியது. பையன்கள் பந்தைப் பார்ப்பதற்குச் சமமாக என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். புது ஆள் என்பதால் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இவர் மாடிக் கம்பியில் ரொம்பச் சாய்கிறாரோ என்று பயந்து ஒருமுறை எழுந்து பார்த்தேன். அவ்வளவுதான், எங்கள் பையன்கள் மொத்தமாக முன்னால் ஓடினார்கள், தடுப்பாட்டக்காரர்கள் உட்பட. எதிரணிக்காரன் பந்தைப் பறித்துக்கொண்டு காலியாகக் கிடந்த எங்கள் பாதியில் ஓடிப்போய் கோல் போட்டான்.

நான் பயந்துபோய் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். உடனே எல்லோரும் பின்னால் வந்து கோல் வாசலில் குவிந்தார்கள். இடைவேளை வரை ஒருத்தனும் அங்கிருந்து நகரவில்லை.

இடைவேளையில் கேப்டன் வந்தான். தடுப்பாட்டக்காரன், எல்லோரிலும் நெட்டை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க ஏன் அப்ப எந்திரிச்சீங்க?"

"நான் எந்திரிச்சா உங்களுக்கு என்னப்பா?"

"சார் எந்திரிச்சா நாங்க மேல ஏறுவோம். கைய கட்டினா பின்னால வந்துருவோம். டவலத் தோள் மாத்திப் போட்டா பந்த அந்தப் பக்கம் கொண்டு போவோம். பழக்கம் மேடம். பெஞ்சப் பாக்காம எங்களால ஆட முடியல."

"இதெல்லாம் சார் சொல்லிக் குடுத்ததா?"

"ஐயோ, அவருக்கே தெரியாது. அவர் கத்துறது ஒரு வார்த்தகூட எங்களுக்குப் புரியாது. பாத்துப் பாத்து நாங்களே கத்துக்கிட்டோம். அவருக்குத் தெரிஞ்சா கூச்சப்படுவாரு, அப்புறம் எதுவும் வராது. சொல்லிடாதீங்க."

நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலா இருந்தேன்? எதற்காக இத்தனை வருடம் அந்த மனிதரைக் கரித்துக் கொட்டினேனோ, அதைப் பார்த்துத்தான் இந்தப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கால்பந்து தெரியாது. ஆனால் அவரை எனக்கு மனப்பாடம். கையைக் கட்டினால் பயந்திருக்கிறார். டவலை மாற்றிப் போட்டால் ஒரு யோசனையைக் கைவிட்டு இன்னொன்றைப் பிடித்துவிட்டார்.

இரண்டாம் பாதியில், அணியின் பையில் கிடந்த அவர் டவலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். கோட்டோரமாக அவரைப்போலவே தலையைச் சொறிந்துகொண்டு போனேன், வந்தேன். ஒரு பக்கம் நெரிசல் என்று பட்டால் டவலைத் தோள் மாற்றினேன். பந்து மறுபக்கம் போனது. என் உடம்பில் இப்படி ஒரு நிலைகொள்ளாமை இருக்கும் என்று நானே அறியேன். எதிரணிப் பயிற்சியாளர் என்னைப் பார்த்த பார்வை, யாராவது இந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுங்களேன் என்பதுபோல் இருந்தது.

நேரம் முடியப்போகிறது. இன்னும் அவர்கள்தான் முன்னிலை. எல்லோரும் ஏறிப் போய் பந்து பறிபோனால் கதை முடிந்தது. அவர் இருந்திருந்தால் என்ன செய்வார் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் காலில் இருந்தது செருப்பு, அதற்கு ஏது லேஸ்? குனிந்து அதன் வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினேன்.

நெட்டைக் கேப்டன் பார்த்துவிட்டான். கையைத் தூக்கி மற்றவர்களை அழைத்துக்கொண்டு அவனும் ஓடினான். எங்களுக்குக் கிடைத்த கார்னர் கிக்கில் பந்து அவன் தலையில் பட்டு உள்ளே போனது. டிரா. அணி தப்பித்தது. நான் அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அந்த கோல் விழுந்தது கூரை மறைத்த பாதியில். இவர் சத்தத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறார். பார்த்ததெல்லாம் என்னைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வியே அதுதான். "நீ ஏம்மா அங்கயும் இங்கயும் அப்படி அலைஞ்ச? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"பதட்டங்க."

டவலை வாங்கி மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: "உன்னப் பாத்தப்பதான் எனக்கே உறைச்சுது. நான் எவ்வளவு அசிங்கமா ஆடியிருப்பேன். பசங்களுக்கு எவ்வளவு தொந்தரவா இருந்திருக்கும். நீ எத்தன வருஷமா சொல்ற, நான்தான் கேக்கல. இனிமே நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன். சத்தியமா."

சொன்னபடியே மேசை முன்னால் உட்கார்ந்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு. கால்கூட ஆடவில்லை. நான் வேண்டாத தெய்வமில்லை இப்படி ஒரு நாளுக்காக. இப்போது அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கூச்சத்தில் கெட்டுப்போவார். சொல்லாவிட்டால் இப்படியே உட்கார்ந்து அணியைக் கெடுப்பார்.

"சரிங்க" என்றேன். அலமாரியிலிருந்த தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். அடுப்படியிலிருந்து உப்பு ஜாடியையும் கொண்டுவந்து நடுவில் வைத்தேன்.

"எதுக்கு இவ்வளவு தம்ளர்?"

"கழுவணும். அப்புறம் எடுத்துக்கறேன்."

அடுப்படிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கூடத்தில் சத்தமே இல்லை. சட்டி கொதித்து மூடி ஆடியது. தீயைக் குறைத்தேன். அப்போதும் சத்தமில்லை. மனிதர் நிஜமாகவே திருந்திவிட்டாரோ என்று தோன்றியது.

பிறகு ஒரு தம்ளர் மேசையில் உரசியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது, அவர் எழுந்து நடக்கத் தொடங்கினார்.

சட்டியில் உப்புப் போட வேண்டியிருந்தது. நான் ஜாடியைக் கேட்கவில்லை.