அக்கா சொல்லாத வரி

1

இந்தக் கதை ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் பிறந்தது. கௌரவமான பிறப்பு இல்லைதான். கனவில் வந்தது, பயணத்தில் தோன்றியது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசை உண்டு. நடந்தது என்னவோ, நானும் என் அக்காவும் சோபாவின் இரண்டு மூலைகளில் காலை மடித்து உட்கார்ந்து, எழுத்தாளர்களான இரண்டு சகோதரிகளைப் பற்றிய ஒரு தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் அக்காக்காரி தங்கையின் கைகளைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, "நீ இல்லாமல் என் எழுத்து இல்லை" என்றாள். பின்னணியில் வயலின் வேறு.

என் அக்கா எழுந்தாள்.

"நாம எப்பவாவது இப்படிப் பேசியிருக்கோமா?"

"இல்ல."

"பின்ன யாருதான் பேசுறா? இத எழுதினவளுக்கு அக்கா தங்கச்சியே கிடையாதா?"

கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

தொடரை நான் மறந்துவிட்டேன், கேள்விதான் போகவில்லை. அந்த வசனத்தை யாரோ ஒருத்தி எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதியிருப்பாளே! வசனம் எழுதிப் பிழைப்பவர்களை எல்லோரும் திட்டுகிறார்கள், ஒருவரும் போய்ப் பார்ப்பதில்லை. நான் போய்ப் பார்க்கிறேன் என்று புறப்பட்டேன். (புறப்பட்டேன் என்றால், நாற்காலியை விட்டு எழாமல்.)

2

முதல் வரிக்காகக் கொஞ்சம் அலைந்தேன்.

[மழை பெய்துகொண்டிருந்தது. திரைக்கதைக்காரி சன்னலோரம் நின்றபடி]

வேண்டாம். என் கதைகளில் இதுவரை பெய்த மழைக்கு ஓர் ஏரியே நிரம்பியிருக்கும்.

[இலக்கியச் சகோதரிகள் என்னும் கருத்தாக்கத்தைத் திரைமொழியில் அணுகும்போது நாம் முதலில் கவனத்தில் கொள்ள வேண்டியது]

இதைப் படிக்கிறவர்களும் எழுந்து போய்விடுவார்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு திரைக்கதைக்காரி இருக்கிறாள். நாற்பதைத் தாண்டியவள். மாமியார்களையும் காவல் அதிகாரிகளையும் பேசவைத்தே பேர் வாங்கியவள். அவளுக்கு இப்போதுதான் முதல்முறையாக, தானே ஆசைப்பட்டுக் கேட்டிருந்தால்கூடக் கிடைக்காத ஒரு வேலை கிடைத்திருக்கிறது: இரண்டு எழுத்தாளச் சகோதரிகளின் வாழ்க்கையைத் தொடராக எழுத வேண்டும். மூத்தவர் காலமாகிவிட்டார். இளையவருக்கும் வயதாகிவிட்டது, இருந்தாலும் அவர் இளையவர்தான். இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே மேசையில் முறைவைத்து எழுதியவர்கள்.

திரைக்கதைக்காரிக்கு முதலில் ஒரு அக்காவைக் கொடுத்தேன். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று ஏற்பாடு. எழுதிப் பார்த்தால் எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது, அடித்துவிட்டேன். ஆகையால் அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை.*

* என் அக்கா ஊகித்தது சரி. அவளிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

3

கடைசி அத்தியாயத்தின் கடைசிக் காட்சியில் மூத்தவர் இளையவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது இயக்குநரின் விருப்பம். எதற்கு மன்னிப்பு என்று கேட்டதற்கு, "ஏதாவது இருக்கும். அக்கா தங்கச்சின்னா ஏதாவது இருக்காதா?" என்றார். திரைக்கதைக்காரியும் எழுதிக்கொடுத்தாள். மூத்தவர் தன் கதையைப் படிக்கிறார், இளையவர் எதிரில் உட்கார்ந்து கண் கலங்கக் கேட்கிறார், படித்து முடித்ததும் மூத்தவர் சொல்கிறார்: "என்னை மன்னித்துவிடு தங்கையே."

அதை எடுத்துக்கொண்டு இளையவர் வீட்டுக்குப் போனாள். அவர் சமையலறையிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தாள்களைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வந்ததும் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் திரைக்கதைக்காரி உள்ளூரப் பெருமைப்பட்டாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தங்கையேவாம்! எங்க அக்கா சந்தோஷமா இருக்கும்போது என்னைக் கழுதைன்னு கூப்பிடுவா. கோவம் வந்தாத்தான் பேர் சொல்லுவா."

"மாத்திடுறேம்மா."

"அதவிடு. இதுல நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கோமே? கதை படிக்கும்போது பாத்துக்கவே மாட்டோம்."

பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கதையின் முதுகெலும்பு. அவர்கள் வீட்டில் எழுதியது எதுவும் படித்துக் காட்டாமல் அச்சுக்குப் போகாது. எழுதியவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து படிப்பார். மற்றவர் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் காய் நறுக்குவார். திரும்பக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. நறுக்குகிற சத்தம் எந்த வரியில் நிற்கிறதோ, அந்த வரியில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"நல்ல வரின்னா கத்தி நிக்குமாம்மா?"

"நல்லா இருந்தாலும் நிக்கும், பொய்யா இருந்தாலும் நிக்கும்."

"எதுக்கு நின்னுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியும்." அவருக்கு இதைவிட விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரே ஒரு நாவலை மட்டும் மூத்தவர் படித்துக் காட்டவில்லை. இளையவரின் கணவர் நெடுநாள் படுக்கையில் கிடந்து இறந்தவர். அவர் போன அன்று ராத்திரி, இளையவர் அக்காவிடம் மட்டும் ஒன்று சொல்லியிருந்தார்: "இன்னிக்குத்தான் நான் நல்லாத் தூங்கப்போறேன்." நாவலின் கதாநாயகி, புருஷன் செத்த அன்று, அதே வரியைச் சொல்கிறாள். ஊரே அந்த வரியைக் கொண்டாடியது. இறந்தவரின் அம்மா அப்போது உயிரோடு இருந்தார். அவருக்குக் கண்ணும் நன்றாகத் தெரியும், படிக்கவும் தெரியும்.

"நீங்க சண்டை போடலையாம்மா?"

"இல்ல. இந்த சமையலறையில நிக்கிறத விட்டுட்டேன். எழுதுறதையும் விட்டுட்டேன். ஒரே வீட்லதான் இருந்தோம். பால் வந்துச்சா, கதவச் சாத்தினியா, அவ்வளவுதான் பேச்சு." பிறகு அவரே சொன்னார். "நல்ல புத்தகம்மா அது. அதான் கஷ்டமே. எங்கிட்ட படிச்சுக் காட்டியிருந்தா, இருக்கட்டும் வைடின்னு நானே சொல்லியிருப்பேன்."

"அவங்க மன்னிப்பு கேக்கலையா?"

"அவளா?" என்றார்.

4

இங்கே நான் ஒரு நாள் எழுதுவதை நிறுத்தினேன். மற்றவர் வீட்டு அழுகையை எடுத்து எழுதுகிறவர்களைப் பற்றி எழுதும்போது நடுவில் கை கூசத்தான் செய்கிறது. ஆனால் இந்த இளையவரை நானே உண்டாக்கினேன், என்னிடம் கோபித்துக்கொள்ள அவருக்கு நிஜமான மாமியார் யாரும் இல்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவ்வளவாகச் சமாதானம் ஆகவில்லை.

திரைக்கதைக்காரிக்குக் கூச்சத்துக்கெல்லாம் நேரமில்லை. வீட்டுக்குப் போனதும் அந்தத் 'தங்கையே'வைத் தூக்கிப் போட்டாள். மூத்தவரின் பேட்டிகளை ஓடவிட்டு, அவர் மூச்சு விடுகிற இடத்தைக்கூடக் கவனித்தாள். எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். ஒரு காலையில், பல் துலக்கும்போது, அந்த வரி முழுசாக வந்து நின்றது:

"உனக்குப் படிச்சுக் காட்டாமக் குடுத்துட்டேன்டி கழுதை. கத்தி நின்னுடுமோன்னு பயம்."

வாயைக்கூடக் கொப்பளிக்காமல் ஓடிப்போய் எழுதிவைத்தாள். (எழுத்துத் தொழிலில் உள்ள சந்தோஷமே இதுதான். மிச்சமெல்லாம் முதுகுவலி.)

இயக்குநர் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். மூத்தவராக நடிக்கும் நடிகை தொலைபேசியில் அழைத்து, "இந்த ஒரு வரிக்காகவே நடிக்கலாங்க" என்றாள். திரைக்கதைக்காரி மகிழ்ச்சியோடு மறுபடி இளையவர் வீட்டுக்குப் போனாள்.

இளையவர் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"இத யாரு உனக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான் எழுதினேன்."

"அவ பேசுற மாதிரியே இருக்கு."

திரைக்கதைக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. இதைவிடப் பெரிய விருது அவளுக்கு வேறென்ன வேண்டும்?

"அதனாலதான் சொல்றேன், எடுத்துடு" என்றார் இளையவர்.

"அம்மா?"

"முதல்ல எழுதியிருந்தியே, அத விட்டிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். இத விட முடியாது. எனக்கு ஞாபகம் இப்பல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடுது. இத டிவில பாத்தேன்னா, அவ நெஜமாவே கேட்டான்னு நம்பிடுவேன்."

"நம்பினா நிம்மதிதானேம்மா?"

"அவ கேக்கலையே." குரல் உயரவே இல்லை. "கடைசி வரைக்கும் கேக்காமலேயே போனா. அந்தப் பிடிவாதக்காரியோடதான் நான் வாழ்ந்தேன், அவளுக்குத்தான் கஞ்சி ஊட்டினேன், அவளத்தான் அனுப்பிவெச்சேன். நீ இவள எங்கிட்ட குடுத்துட்டு அவள எடுத்துட்டுப் போயிடுவ. அப்புறம் நான் யாரோட தங்கச்சி?"

திரைக்கதைக்காரி தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுதிக்கொண்டிருந்த நானும் பேனாவை மூடிவைத்தேன்.

5

[இயக்குநர் ஒரு கொடியவர். அவர் மேசையை ஓங்கி]

இல்லை, அவர் நல்ல மனிதர். அதுதான் தொல்லை.

"பாக்குறவங்க எட்டு வாரம் உக்காந்து பாத்திருப்பாங்க. அவங்களுக்குக் கடைசில ஏதாவது குடுக்க வேணாமா?" என்றார்.

"அந்தம்மா வாழ்நாள் பூரா உக்காந்திருந்தாங்க. அவங்களுக்குக் கிடைக்கலையே சார்."

"அதான், நாமளாவது குடுக்கலாம்னு பாத்தேன்."

அவள் விடாப்பிடியாக நின்றாள். அந்த வரி இருந்தால் தன் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். அவள் எழுதியதிலேயே சிறந்த வரியைக் காப்பாற்றுவதற்காக இல்லை, அதை நீக்குவதற்காகத் தன் பெயரை அடகு வைத்தாள். என்ன மாதிரி எழுத்துக்காரி என்று நினைக்கிறீர்களா? எனக்கு அவளை இந்த இடத்தில்தான் பிடித்தது. கடைசியில் இயக்குநர் இறங்கிவந்தார். புதிய காட்சியில் மூத்தவர் சமையலறை வாசல்வரை வந்து நிற்பார், வாயைத் திறப்பார், "பால் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

நடிகைக்குத்தான் மனசு ஆறவில்லை. பழைய வரியைக் குளிக்கும்போதும் வண்டியில் போகும்போதும் சொல்லிச் சொல்லி, அது அவள் நாக்கிலேயே தங்கிவிட்டது.

6

படப்பிடிப்பு நாளில் இளையவர் வந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒட்டுப்பலகையில் எழுப்பிய தன் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார், சுவரைத் தட்டினார், "உள்ள ஒண்ணுமே இல்ல" என்று சிரித்தார். தேநீர் இடைவேளை. விளக்குகள் அணைந்திருந்தன, கேமராவின் மேல் துணி போட்டிருந்தார்கள். திரைக்கதைக்காரி ஒரு நாற்காலி தேடிப் போட்டு அவரை உட்காரவைத்தாள்.

அப்போது ஒப்பனை அறையிலிருந்து நடிகை வந்தாள். நரைத்த தலை, தடித்த கண்ணாடி, ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை.

இளையவர் அசையவில்லை. நடிகை பதறிப்போய்க் கண்ணாடியைக் கழற்றப் போனாள்.

"கழட்டாதம்மா" என்றார் இளையவர். பிறகு, "உனக்கு ஒரு வசனம் இருந்துச்சாமே. எடுத்துட்டாங்களாமே" என்றார்.

"ஆமாம்மா."

"இன்னும் ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"ஒரே ஒரு தடவ சொல்றியா? இதெல்லாம் வேணாம்." மூடிய கேமராவைக் கையால் ஒதுக்கிக் காட்டினார்.

"அம்மா, நீங்கதானே வேணாம்னீங்க?" என்றாள் திரைக்கதைக்காரி.

"வேணாந்தான். நான் சொன்னது சரிதான்." அவர் அவளைப் பார்க்கவே இல்லை, நடிகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா கேக்கணும் போல இருக்கே."

இதற்குப் பிறகு மூன்று விதமாக எழுதினேன்.

ஒன்றில் நடிகை சொல்லிவிடுகிறாள். இளையவர் கண்களை மூடிக்கொள்கிறார். மறுமாதம் பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க அக்கா கடைசில கேட்டுட்டா தெரியுமா" என்று பெருமையாகச் சொல்கிறார். எழுதி முடித்ததும் எனக்கு நிறைவாக இருந்தது. மறுநாள் படித்தபோது, இளையவரின் பெட்டியைத் திறந்து அவர் அக்காவைத் திருடிக்கொண்டு வந்துவிட்டது போலிருந்தது.

இன்னொன்றில் திரைக்கதைக்காரி தடுத்துவிடுகிறாள். இளையவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். அக்கா அக்காவாகவே இருக்கிறார், எல்லாம் முறைப்படி. அந்தப் பக்கத்தை என்னால் இரண்டாவது முறை படிக்க முடியவில்லை.

மூன்றாவதில் நடிகைக்கு வரி மறந்துபோகிறது. அது கோழைத்தனம். கிழித்துப்போட்டேன்.

ஆக, அவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். தேநீர் இடைவேளை முடியப்போகிறது. வரியை எழுதியவளிடம் உத்தரவு கேட்டு நடிகை திரைக்கதைக்காரியைப் பார்க்கிறாள். வீட்டுக்கு ஒரே பிள்ளையான அவளுக்கு என்ன தெரியும்? அவள் என்னைப் பார்க்கிறாள். எனக்கு வரியை நீக்கவும் தெரிந்தது, திருப்பிவைக்கவும் தெரியும். எது அன்பு என்றுதான் தெரியவில்லை.

இளையவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். காது சற்று மந்தம் என்பதால் முன்னால் குனிந்திருக்கிறார். நீங்கள்தான் சொல்ல வேண்டும். நடிகையைச் சொல்லச் சொல்லட்டுமா?