எஸ்தரின் நடிப்பு அனுபவம்

நாடகத்துக்கு அச்சடிக்கும் கையேட்டில் போட, நடிகர்கள் ஒவ்வொருவரும் தங்கள் நடிப்பு அனுபவத்தைப் பற்றி நான்கு வரி தர வேண்டும் என்று வைஷு சொன்னபோது, எஸ்தர் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டாள்.

கராடியில் வைஷு குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழ்த்தளக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் வைஷுதான் நாடகத்தை எழுதி இயக்குகிறவள். கல்லூரி நாட்களில் தெருநாடகம் போட்டவள். தகப்பன் வேடம் ராகவேந்திராவுக்கு. பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் நாடகக் குழு தேடி, நாற்பது வருடம் மேடையில் நின்றவர். அவருக்கு நான்கு வரி போதவில்லை. எஸ்தர் திரும்பி வந்ததும், "நீங்க எந்தக் குரூப்ல இருந்தேள்?" என்று கேட்டார். கிறிஸ்துமஸுக்கு சர்ச்சில் ஏதோ கொஞ்சம் என்று சொல்லிவைத்தாள். சர்ச்சில் அவள் நடித்ததே இல்லை.

அவள் நடித்தது ஒரு மருத்துவக் கல்லூரியில். ஏரவாடாவில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவளைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அங்கே கூட்டிப்போனவள், பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள். பரீட்சைக்கு நோயாளியாக நடிக்க ஆள் தேவைப்பட்டது. கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வரும் மாணவர்களின் கேள்விகளுக்கு, கல்லூரி டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி பதில் சொல்ல வேண்டும். ஒரு பரீட்சைக்குக் கல்லடைப்பு, இன்னொன்றுக்கு மாரடைப்பு. ஒரே வலியை ஒரு நாளைக்கு முப்பது தடவை, முதல் தடவை வந்ததுபோல. இதை ராகவேந்திராவிடம் எப்படிச் சொல்வது? நோய் வந்ததாகப் பொய் சொல்லிக் கூலி வாங்குகிறவள் என்று நினைத்துவிட்டால்?

ஒத்திகை தொடங்கியது. மகளை வீட்டைவிட்டுப் போகச் சொல்லித் தகப்பன் கத்தும் காட்சி. தடுக்க வரும் தகப்பனின் தங்கையாக எஸ்தர். பாதி வசனத்தில் ராகவேந்திரா நின்றுவிட்டார். மெல்லப் பின்னால் நகர்ந்து சோபாவில் உட்கார்ந்து, இடது தாடையைத் தேய்த்துக்கொண்டார்.

"அங்கிள், எக்தம் சூப்பர். நடுல விட்ட இந்த கேப் அப்படியே வெச்சுக்கலாம்," என்றாள் வைஷு.

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியும் அவர் சட்டைக் காலர் நனைந்திருந்ததை எஸ்தர் பார்த்தாள். அருகே போய்க் குனிந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டாள்.

"வலியே இல்லம்மா. நெஞ்சு மேல என்னமோ கனமா உக்காந்திருக்கு. கேஸ்தான். கார்த்தால காரமா மிசல் சாப்பிட்டேன்."

அது எஸ்தர் பரீட்சையில் சொல்லும் வசனம். சினிமாவில் செய்வதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறாதே, வலி என்று சொல்லாதே, பாரம் என்று சொல், வாயு என்று நீயே சாதி என்று டாக்டரம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். கை மரத்துப்போகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று அவள் கேட்கக் கேட்க ராகவேந்திரா தலையாட்டினார். இத்தனை வருடமும் பதில் மட்டுமே சொல்லிப் பழகிய கேள்விகள்.

"வைஷு, வண்டிய எடு," என்றாள். எப்போதும் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'மேடம்' அன்று விட்டுப்போனது.

சாயங்காலம் தன் டாக்டரிடம் காட்டிக்கொள்வதாக ராகவேந்திரா மறுத்தார்.

"சார், இது கேஸ் இல்ல. நீங்க இப்ப சொன்னத நான் நூறு தடவ சொல்லிருக்கேன். எந்திரிங்க."

அந்தக் குரலுக்கு அவர் எழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். வெளியே வந்த டாக்டர், இருதயத்துக்குப் போகும் குழாய் அடைத்திருந்தது, திறந்துவிட்டோம், சாயங்காலம்வரை வைத்திருந்தால் கஷ்டம் என்று ஹிந்தியில் சொன்னார். எஸ்தர் சுவரோரமாகத் தரையிலேயே உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அழுத வைஷுவிடம் கல்லூரி, கட்டில், பரீட்சை எல்லாவற்றையும் சொன்னாள். வைஷு அழுகையினூடே சிரித்துவிட்டாள். எஸ்தருக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளாக அடைத்திருந்த மூக்கு திறந்ததுபோல இருந்தது.

மூன்றாம் நாள் எஸ்தர் வார்டுக்குப் போனபோது, வைஷு ராகவேந்திராவிடம் முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். நாடகத்தை இரண்டு மாதம் தள்ளிவைத்திருக்கிறார்களாம். ராகவேந்திரா கட்டிலருகே இருந்த ஸ்டூலில் எஸ்தரை உட்காரச் சொன்னார்.

"அந்த வேஷத்துல கடைசில செத்துப் போறதும் உண்டா?"

"இல்ல சார். பரீட்ச முடிஞ்சதும் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருவோம்."

அவர் வாய்விட்டுச் சிரிக்கப் போனவர், ஊசி குத்தியிருந்த கையைப் பார்த்துப் பாதியில் அடக்கிக்கொண்டார்.

அப்போது வெள்ளைக் கோட்டுப் போட்ட ஐந்தாறு மாணவர்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் நின்ற பெண், நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, என்ன ஆயிற்று என்று சொல்ல முடியுமா அங்கிள் என்று மராத்தியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். ராகவேந்திரா எஸ்தரைப் பார்த்தார். நிதானமாகச் சொல்லுங்கள் என்பதுபோல அவள் கையைத் தாழ்த்திக் காட்டினாள். பிறகு தன் ஸ்டூலைச் சத்தமில்லாமல் தூக்கிச் சுவரோரம் போட்டு, அந்தப் பெண் கட்டிலருகே வர வழி விட்டாள். ராகவேந்திரா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.