காத்து படாத வீட்டில் நெட்டு வைத்த விவரம்

தென்காசியில் உரக்கடை பலவேசத்தின் வீட்டுக்குள் பதினோரு வருசம் காத்து நுழையவில்லை. வேறு ஊராக இருந்தால் இதை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். தென்காசியில் இது மறைக்கிற சங்கதியா? ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காத்து பெரிய கோவில் வாசலில் ஆளை முன்னால் தள்ளும், பின்னால் இழுக்கும், வேட்டியைப் பிடித்துக்கொள்ளவே தனியாக ஒரு கை வேண்டும். அந்தச் சமயத்திலும் பலவேசம் வீட்டு விளக்குச் சுடர் வரைந்து வைத்ததுபோல நிற்கும். சன்னல் எல்லாம் திறந்தேதான் கிடக்கும். சாரல் சாய்ந்து சாய்ந்து அடித்துச் சன்னல் கம்பி வரைக்கும் வந்து, அங்கேயே நேராகக் கீழே விழுந்துவிடும். உள்ளே ஃபேன் சுத்தும், காத்து வராது. புழுக்கமும் கிடையாது, வாடையும் கிடையாது. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரமாகவே தொங்கும் என்பதுதான் பலவேசத்தின் வீட்டுக்காரி சுகந்திக்கு எரிச்சல்.

காரணம் தெருவுக்கே தெரியும். 2014 ஆனி மாதம், அவர்களின் ஒரே பிள்ளை சத்யபிரியா, மருந்தாளுநர் படிப்பு முடித்தவள், கூடப் படித்த ரவியை ஆலங்குளத்தில் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். ரவி எப்படிப்பட்ட பையன் என்று பலவேசம் விசாரிக்கவில்லை. எந்தத் தெரு என்று மட்டும் கேட்டார், கிடைத்த பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து, வாசல்படியில் நின்று, தெருவே கேட்கிற மாதிரி, "இனிமே அவ மூச்சுக்காத்துகூட இந்த வீட்டுல படக்கூடாது" என்றார். கோபத்தில் இதைவிட மோசமாகப் பேசின தகப்பன்மார் நம்ம ஊரில் எத்தனையோ பேர், எல்லாம் பேசினதோடு சரி. இவர் வாய் பலித்துவிட்டது. காத்து என்ன, ஆள் அடையாளம் பார்த்தா நுழையும்? இதில் அவள் விட்ட மூச்சு எது, ஊரார் விட்ட மூச்சு எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியவில்லை. வம்பே வேண்டாம் என்று மொத்தமாக வாசலோடு நின்றுகொண்டது.

வந்துபோகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதுபோல மூச்சையும் வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரப் பழகினார்கள். உள்ளே வந்து அங்கிருக்கிற பழைய காத்தை இழுத்துக்கொள்ளலாம், அதில் ஒரு சிரமமும் இல்லை. காத்தில் வருகிறது என்று சனங்கள் நம்புகிற எதுவும் உள்ளே வரவில்லை. தெருச் சத்தம் வரவில்லை, செல்போன் சிக்னல் வரவில்லை. கரண்டும் கேபிள் டிவியும் வயரில் வருவதால் தப்பித்தன. வீட்டில் இருந்த பழைய தரைவழிப் போனை அன்றைக்கே பலவேசம் பிடுங்கிக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். சத்யபிரியாவும் ரவியும் சிங்கப்பூரில் குடியேறினார்கள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு சுகந்தி, "கடைக்குப் போயிட்டு வந்துருதேன்" என்று சொல்லி இறங்கி, அடுத்த வீட்டு உலகம்மையின் வாசலில் நின்று மகளோடு போனில் பேசுவாள். பத்து நிமிசம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வருவாள். கடையில் என்ன வாங்கினாய் என்று பலவேசம் ஒருநாளும் கேட்டதில்லை.

தென்காசி தனி மாவட்டமான வருசம், மார்கழியில், சத்யபிரியா ஒருமுறை வந்தாள். அவளுக்கு மட்டும் அந்த வீட்டில் சட்டம் வேறு. மற்றவர்கள் உள்ளே போய் மூச்சுவிடலாம், அவள் விடக்கூடாது. வாசலில் நின்று நெஞ்சில் இருந்த காத்தையெல்லாம் வெளியே தள்ளினாள், வாயைப் பொத்திக்கொண்டாள், படியேறி முன்கூடத்தில் போய் அப்பா முன்னால் நின்றாள். ஐந்து வருசத்துக்குப் பிறகு பார்க்கிறாள், பேச மூச்சு இல்லை. பலவேசம் டிவியைப் பார்த்துக்கொண்டே, "உள்ள வராத" என்றார். அவள் நின்றாள். சுகந்தி மனசுக்குள் நாற்பது வரை எண்ணினாள். பிள்ளையின் உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது, கண்ணு மட்டும் அப்பாவை விட்டு நகரவில்லை. நாற்பத்தொன்றில் தடுமாறித் தெருவில் போய் விழுந்து மூச்சை இழுத்தாள். பலவேசம் டிவியை அணைத்தார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை, மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. தை பிறந்து நாலாம் நாள் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது.

பேச்சும் போய்விட்டது என்றால்கூட நல்லதாக இருந்திருக்கும். சிலருக்கு இப்படி ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். பலவேசத்துக்குத் தங்கினது, "உள்ள வராத". அறுபத்து நாலு வருசம் பேசின வாயில் வேறு எதுவும் மிஞ்சவில்லை. கொஞ்சம் இழுத்து "உள்ள வராத" என்றால் தண்ணீர் வேண்டும். அடித்தொண்டையில் சொன்னால் முதுகு வலிக்கிறது. வெடுக்கென்று சொன்னால் கஞ்சியில் உப்பு கூடிப்போச்சு. இடது கையைத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு, குழந்தையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் மெதுவாகச் சொன்னால் என்ன என்று சுகந்திக்கு முதலில் விளங்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் அப்படிச் சொல்கிறார் என்று கவனித்த பிறகு விளங்கியது. அன்றைக்கு அடுக்களையில் போய் உட்கார்ந்து நன்றாக அழுதாள். சொன்ன வாயால் திருப்பி எடுத்தால் காத்து உள்ளே வந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எடுக்க வாய் எங்கே இருக்கிறது?

போன ஆனியில் ரவி போன் பண்ணினான். சத்யபிரியாவுக்கு ரத்தத்தில் வந்திருந்த நோய் முற்றிவிட்டது, இனி வைத்தியம் கிடையாது, விமானத்தில் ஏற்றவும் முடியாது, நாளைத்தான் எண்ண வேண்டும் என்றான். அவளும் பேசினாள். "எம்மா, அப்பா என்னைய ஒருதரம் கூப்பிட்டாப் போதும்மா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அப்பாவுக்குப் பேச்சு வராது என்று சுகந்தி சொல்லியிருந்தாளே தவிர, எந்தப் பேச்சு வரும் என்று சொல்ல மனசு வரவில்லை. மகளின் குரலைத் தெருவில் வைத்துப் போனில் பதிந்து உள்ளே கொண்டுபோய் அவருக்குப் போட்டுக் காட்டினாள். அவர் குலுங்கிக் குலுங்கி அழுது பதில் சொன்னார். அதையும் பதிந்தாள். தெருவுக்கு வந்து போட்டுக் கேட்டால், "உள்ள வராத, உள்ள வராத". எந்த மகராசி இதைச் சாகப்போகிற பிள்ளைக்கு அனுப்புவாள்? அழித்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியும், பக்கத்தில் இருந்து எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டும். நேருக்கு நேர் வீடியோவில்தான் ஆகும் என்று முடிவுசெய்தாள். அவரைத் தெருவுக்குக் கொண்டுபோகலாம் என்று நாலு பேர் சேர்ந்து கட்டிலோடு தூக்கினார்கள். வாசல்படி தாண்டினதும் வெளிக்காத்து ஒத்துக்கொள்ளாமல் அவருக்குக் கண் செருகிவிட்டது. படுக்கையில் விழுந்த ஐந்து வருசமாகப் பழகாத காத்து. திரும்ப உள்ளே கொண்டுவந்து போட்ட பிறகுதான் உயிர் வந்தது.

அப்புறம்தான் ஏசுவடியானைக் கூப்பிட்டாள். இருபது வருசம் கேபிள் டிவி லைன் இழுத்தவன், இப்போது வீடு வீடாக நெட்டு வைக்கிறான். உலகம்மை வீட்டில் ஏற்கெனவே நெட்டு இருந்தது. அவள் வீட்டு மாடியில் சின்னதாக ஒரு வெள்ளைப் பெட்டியைச் சுகந்தி வீட்டுச் சன்னலைப் பார்த்து மாட்டினான்.

"இனி ஒண்ணும் பிரச்சினை இல்லக்கா. நெட்டு இதுல இருந்து காத்துல வந்துரும்" என்றான்.

"காத்துலயா?" என்று சுகந்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் போனை வாசலுக்கு வெளியே பிடித்தான், நாலு கோடு. கையை உள்ளே நீட்டினான், ஒன்றுமில்லை. வெளியே, நாலு. உள்ளே, ஒன்றுமில்லை. "சவத்தெளவு" என்று சொல்லிக்கொண்டு ஆறேழு தடவை நீட்டி நீட்டிப் பார்த்தான். சிக்னலுக்கும் காத்துக்கும் சம்பந்தமே இல்லை, காத்தே இல்லாத இடத்திலும் அது போகும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். அதை அந்த வீட்டுக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

உலகம்மை போட்டுக்கொடுத்த டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் ஏசுவடியான் மீட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, "யக்கா, கரண்டு வயர்ல உள்ள வருதுல்லா? இதையும் வயர்ல கொண்டுபோயி, உள்ள போனதுக்கு அப்புறம் பரப்பிருவோம். உள்ள கெடக்க காத்து உங்க காத்துதான, அது என்ன சொல்லப்போவுது?" என்றான். சுவரில் துளை போட்டு நீல வயரை உள்ளே இழுத்து, கட்டிலுக்கு நேர் மேலே, இட்லிக் கொப்பரை மூடி மாதிரி வட்டமாக இருந்த, நெட்டைப் பரப்புகிற ஆக்சஸ் பாயின்டை உத்தரத்தில் மாட்டினான். அதற்கு என்ன பெயர் வைக்க என்று கேட்டான். வீட்டு ஆம்பிளை பெயரையே வைத்துவிடலாம், சொல்லுங்க என்றான். கட்டினவர் பெயரைச் சுகந்தி வாயால் சொன்னதே கிடையாது, போய் ரேசன் கார்டை எடுத்து வந்து காட்டினாள். பலவேசம் என்று ஒரு பெயர் போனில் எழும்பியது. நாலு கோடும் நின்றது. அசையாத காத்தில் அது துளிகூடச் சிந்தவில்லை, இவ்வளவு சுத்தமான சிக்னலைத் தன் தொழிலில் பார்த்ததில்லை என்று ஏசுவடியான் இன்றைக்கும் டீக்கடையில் சொல்லுவான்.

அது ஆடி அஞ்சாம் தேதி. திரையில் வட்டம் சுத்தோ சுத்தென்று சுத்தி, ஆஸ்பத்திரிக் கட்டிலும் தலையணையும் வந்தன, பிறகு சத்யபிரியா வந்தாள். தலையில் முடி இல்லை, மூக்கில் குழாய். பலவேசத்துக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. "எப்பா" என்றாள், தெரிந்துவிட்டது. இடது கையைத் தூக்கித் திரைப்பக்கம் நீட்டினார். அவர் வாய் கோணி, திறந்து, எதையோ தேடுவது சுகந்திக்குத் தெரிந்தது. சத்தியா என்ற பெயரைத்தான் தேடினார். கடவுளே, ஒருதரம், இந்த ஒருதரம் மட்டும் என்று அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

"உள்ள வராத" என்றார் பலவேசம்.

"ஏட்டி, அது இல்லட்டி!" சுகந்தி போனைப் பிடுங்காத குறையாகக் குனிந்தாள். "அவுக வாயில அந்த ஒரு சொல்லுதான் மிஞ்சிக் கெடக்கு. தண்ணிக்கும் அதான் சொல்லுதாக, வலிக்கும் அதான் சொல்லுதாக. உன்னையக் கூப்பிடுதாக, வான்னு கூப்பிடுதாக. அவுக மூஞ்சியப் பாரு தாயி, மூஞ்சியப் பாரு."

பலவேசம் நிறுத்தவில்லை. கண்ணீர் காதுக்குள் ஒழுக, உள்ள வராத, உள்ள வராத என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மெதுவாக, இன்னும் கொஞ்சம் செல்லமாக. சத்யபிரியா அப்பாவையே வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் தலையை ஆட்டி, "சரிப்பா. வரலப்பா" என்றாள். லேசாகச் சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அதற்குள் அங்கே நர்ஸ் வந்து திரையை மறைத்தாள். பிள்ளை விளங்கிக்கொண்டு அப்பாவுக்காக விளையாட்டாகச் சொன்னாளா, விளங்காமல் நிசமாகவே சொன்னாளா? இரண்டு நாள் விடாமல் கூப்பிட்டும் அவள் பேசுகிற நிலையில் இல்லை என்று ரவி சொல்லிவிட்டான். கேட்டுத் தெளிந்துகொள்ளச் சுகந்திக்கு வழியில்லாமல் போனது.

ஆடி எட்டு, வியாழக்கிழமை, காலையில் பதினோரு மணி இருக்கும். சுகந்தி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் தினசரிக் காலண்டரின் தாள் ஒன்று எழுந்து படுத்தது. பல்லியாக இருக்கும் என்று நினைத்தாள். இன்னொரு தாள் எழுந்தது. போர்வை ஓரம் தூக்கியது, கட்டில் மேல் பொடிப்பொடியாகச் சாரல் விழுந்தது, தெருவில் போகிற பஸ்ஸின் ஹாரன், கீரைக்காரியின் கூப்பாடு, உலகம்மை வீட்டுத் தாளிப்பு வாசம் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே வந்தன. அவள் மூச்சு படக்கூடாது என்பதுதானே சொல். இனி படுவதற்கு மூச்சு இல்லை.

"போயிட்டாளே" என்றாள் சுகந்தி. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். பின்னால் போன் அடித்தது, ரவிதான், அவள் எடுக்கவில்லை. ஒரு சன்னலைச் சாத்தினாள், அடுத்தது திறந்துகொண்டது, அதைச் சாத்தினாள், முதல் சன்னல் படாரென்று அடித்தது. தெருக்கதவைத் தோளால் முட்டிப் பிடித்துக்கொண்டு, "போ, வெளியவே நில்லு, நீ எனக்கு வேண்டாம், போயிரு" என்று வாய்விட்டுக் கத்தினாள். கதவு அவளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு திறந்தது. கட்டிலில் பலவேசத்தின் நரைமுடி பறந்தது. ஒற்றைக் கையால் காத்தைத் தள்ளித் தள்ளி, "உள்ள வராத! உள்ள வராத!" என்று அலறினார். அந்த ஒரு தடவை அதற்கு அர்த்தம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

காத்து கேட்கவில்லை. கூடத்தைத் தாண்டி, கட்டிலைச் சுத்தி, அடுக்களை வழியாக நடந்து பின்வாசலில் போய் இறங்கியது. இப்போது அந்த வீட்டிலும் மற்ற வீடுகளைப் போலத்தான் காத்து வருகிறது.